சோனமார்க்: தஜிவாஸ் வரை குதிரையில்

தங்கையின் மாமியாருக்கு முட்டி வலி. "சோனமார்க்கில் குதிரை ஏறலாமா, கேட்டுச் சொல்லு" என்று தகவல் அனுப்பியிருந்தார். எனக்கும் அதே முட்டிதான், வயது 58. போன ஜூனில் போய்வந்தேன். ஏறலாம் சம்பந்தியம்மா. ஆனால் எதற்கும் இதைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

ஸ்ரீநகரிலிருந்து 80 கிலோமீட்டர். முன்பெல்லாம் வழியிலுள்ள ககன்கீர் என்ற ஊரைத் தாண்டினால் குளிர்காலத்தில் பனிச்சரிவு பயத்தில் பாதையை மூடிவிடுவார்களாம். 2025 ஜனவரியில் ஆறரை கிலோமீட்டர் சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. காரை விட்டு இறங்கியதும் தரகர் ஒருவர் வந்து ஒட்டிக்கொண்டார். "ஐந்து பாயிண்ட், ஆளுக்கு 2,500." பாயிண்ட் என்றால் குதிரையில் கூட்டிப்போய்க் காட்டும் இடம். 1,400க்கு முடித்தேன், பெருமையாகவும் இருந்தது. பாதி வழியில்தான் தெரிந்தது, அவர் சொன்ன ஐந்தில் நான் பார்க்க வந்த தஜிவாஸ் பனியாறே கிடையாது. அதற்குத் தனியாக 500. ஆகவே பேரம் பேசும்போது பாயிண்ட் கணக்கை விடுங்கள். "தஜிவாஸ் பனிவரை, போக வர, எல்லாம் சேர்த்து" என்று கேளுங்கள். கோட்டு, பூட்ஸ் வாடகைக்கு எடுத்தால் பூட்ஸுக்குள் கையை விட்டுப் பாருங்கள். என்னுடையதில் நேற்றைய ஈரம் இருந்தது.

என் குதிரையின் பெயர் பாதல், மேகம் என்று அர்த்தம். குட்டையான மலைக்குதிரை, பழுப்பு நிறம். ஏறுமுன் முதுகைப் பார்த்தேன், புண் இல்லை. சேணத்தின் வாரை இன்னொரு தடவை இறுக்கச் சொன்னேன். குதிரைக்காரப் பையா (இந்தியில் அண்ணா) சிரித்தார், ஆனாலும் இறுக்கினார். மேட்டில் முன்னால் சாய், இறக்கத்தில் பின்னால் சாய், அங்கவடியில் (கால் வைக்கும் வளையம்) பாதத்தின் முன்பாதியை மட்டும் வை. அவர் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்.

அகலமான பாதை கிடக்க, பாதல் மட்டும் பள்ளத்து விளிம்பிலேயே நடந்தது. உள்பக்கம் இழுத்தால் ஒரு நிமிடம் வரும், அப்புறம் பழையபடி விளிம்பு. மூட்டை சுமக்கும் விலங்குகள் பாறையில் பாரம் இடிக்காமலிருக்க இப்படிப் பழகிவிடுமாம். என்னை எந்த மூட்டையாக நினைத்ததோ! கீழே சிந்து நாலா பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது (பெரிய சிந்து நதி இல்லை, இது ஜீலத்தில் சேருவது). முதல் கால் மணி நேரம் அதைப் பார்க்கவே தைரியம் வரவில்லை. பிறகு ஊசியிலைக் காட்டு வாசனையும் புல்வெளியில் மேயும் ஆடுகளும் பயத்தை மறக்கடித்தன. ஓரிடத்தில் ஓடையைக் கடக்கும்போது பாதல் நின்று நிதானமாகத் தண்ணீர் குடித்தது. யாரும் அதட்டவில்லை. அந்த இரண்டு நிமிடத்துக்கே காசு சரியாகப் போயிற்று.

பனியாறு என்றதும் வெள்ளை வெளேரென்று கற்பனை செய்யாதீர்கள். ஜூனில் அடிவாரப் பனி மண் கலந்து அழுக்காகக் கிடக்கிறது. மேலே பாறை இடுக்குகளில்தான் வெண்மை. சறுக்குவண்டிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள், தலையாட்டிவிட்டு நகருங்கள்.

திரும்பும்போது செங்குத்தான ஓரிடத்தில் நானே இறங்கி நடந்தேன். குதிரைக்கும் எனக்கும் அதுதான் நல்லது. தரகருக்குப் பூஜ்யம், பாதலுக்கும் அதன் கூடவே நடந்து வந்தவருக்கும் ஐந்துக்கு ஐந்து. பையாவுக்குத் தனியாக 200 கொடுத்தேன்.

முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை சம்பந்தியம்மா. தொடைதான். மறுநாள் தால் ஏரியில் ஷிகாரா படகில் ஏற இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடிக்க வேண்டியிருந்தது.