டிராயிங் பழக இட்லியா, வடையா, சமோசாவா?

வேலூர், காட்பாடிப் பக்கம் பாலிடெக்னிக்கிலோ ஐடிஐயிலோ சேரும் பிள்ளைகள் முதல் வருஷம் திணறும் பாடங்களில் இன்ஜினியரிங் டிராயிங்கும் ஒன்று. புத்தகத்துப் படத்தைப் பார்த்து வரைந்தால் கோடு வந்துவிடும், உருவம் மனதில் ஏறாது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கவும் வெட்டிப் பார்க்கவும் ஒரு பொருள் வேண்டும். டிபன் கடைப் பண்டம் போதும். எந்தப் பண்டம் என்பதுதான் கேள்வி. மைசூர்பாக்கை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. 30 பாகையில் நாலு கோடு இழுத்தால் ஐசோமெட்ரிக், அதாவது மூன்று பக்கமும் ஒன்றாகத் தெரியும் படம், முடிந்துவிடும், அப்புறம் அதில் கற்க எதுவும் இல்லை.

இட்லி பார்க்கத்தான் சுலபம். டாப் வியூ ஒரு வட்டம், சரி. ஃப்ரன்ட் வியூவில்தான் பலரும் கைபோன போக்கில் எதையோ வளைத்துவிடுவார்கள். அது மேலும் கீழும் இரண்டு வில். அடிப்பக்க வில்லின் ஆரத்தைக் கணக்குப் போட்டே எடுக்கலாம்: அகலத்தின் வர்க்கத்தை ஆழத்தின் எட்டு மடங்கால் வகுத்து, ஆழத்தில் பாதியைக் கூட்ட வேண்டும். 80 மி.மீ. அகலம், 15 மி.மீ. ஆழம் என்றால் ஆரம் ஏறக்குறைய 61. அதாவது காம்பஸ் முனையை இட்லியின் விளிம்புக் கோட்டுக்கு 46 மி.மீ. மேலே, இட்லிக்கு வெளியே குத்த வேண்டும். நல்ல பாடம்தான், ஆனால் அதோடு சரி. இட்லிக்குள் ஒளிந்திருப்பது எதுவும் இல்லை. மறைந்திருக்கும் விளிம்பைக் காட்டும் புள்ளிக்கோடு போட இடமே கிடையாது.

என் ஓட்டு உளுந்து வடைக்கு. வெளிவிட்டம் 72, ஓட்டை 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள வளையத்தின் தடிமன் 28 வரும். டாப் வியூவில் இரண்டு வட்டம். நம் ஊரில் படங்களை அடுக்குவது ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறையில் என்பதால் டாப் வியூ ஃப்ரன்ட் வியூவுக்குக் கீழே வரும். ஃப்ரன்ட் வியூவில் ஓட்டை தெரியாது, அதன் இரண்டு ஓரங்களும் புள்ளிக்கோட்டில் வளைவாக வர வேண்டும். செக்ஷன், அதாவது வெட்டினால் தெரியும் தோற்றம்தான் உண்மையான சோதனை. நடுவில் வெட்டினால் 28 விட்டத்தில் இரண்டு வட்டம், மையங்களுக்கு இடையே 44. முக்கால்வாசிப் பேர் இதோடு பென்சிலை வைத்துவிடுவார்கள். வெட்டுக்குப் பின்னால் மீதி வடை இருக்கிறதே! அதன் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் இரண்டு வட்டங்களையும் இணைக்கும் கிடைக்கோடுகளாகத் தெரியும். வெட்டுப்பட்ட இடத்தைக் காட்டும் 45 பாகைச் சாய்கோடுகள், அதாவது ஹாட்ச்சிங், வட்டங்களுக்குள் மட்டும்தான், நடு இடைவெளியில் ஒரு சாய்கோடுகூடக் கூடாது. சந்தேகமா, கத்தியால் வெட்டி எதிரே வைத்துப் பாருங்கள். இந்த வசதி இரும்பு வாஷரில் கிடைக்குமா?

அளக்கும்போது வெர்னியர் அளவுகருவியின் தாடைகளை வைத்து அழுத்தினால் வடை அமுங்கும். இரண்டு பக்கமும் செட் ஸ்கொயரை நிறுத்தி இடைவெளியை எடுங்கள். எண்ணெய் தாளில் இறங்காமல் இருக்கத் தட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வடையின் ஐசோமெட்ரிக் மட்டும் முதலில் வேண்டாம். நடுவட்டத்தை நீள்வட்டமாகப் போட்டு, அதன்மேல் வரிசையாக வட்டங்கள் வரைந்து, எல்லாவற்றையும் தொட்டுச் செல்லும் வெளிக்கோட்டை எடுக்க வேண்டும். அந்தச் சின்ன வட்டங்களையும் 1.22 மடங்கு பெரிதாக்க வேண்டும். ஆரம்பத்தில் அது தலைவலி.

உருளைக்கிழங்கு சமோசாவின் பலம் வேறு இடத்தில். தேய்த்த மாவைப் பாதியாக வெட்டிக் கூம்பாகச் சுற்றுகிறார்களே, அது அப்படியே டெவலப்மென்ட் பாடம், அதாவது ஒரு உருவத்தின் மேற்பரப்பைத் தட்டையாக விரித்து வரைவது. 90 மி.மீ. ஆரமுள்ள அரைவட்டத்தைச் சுற்றினால் அடிவிட்டமும் 90, ஃப்ரன்ட் வியூ சமபக்க முக்கோணம். விளிம்பு ஒட்ட விடும் மாவு, தகரத்தில் மடிப்புக்கு விடும் கூடுதல் இடம். மசாலா திணித்து மூடியபின் கூம்பு கலைந்துவிடும், அதனால் காகிதத்தில் சுற்றிப் பழகலாம். ராணிப்பேட்டை பெல் (BHEL) தொழிற்சாலை தயாரிக்கும் புகைச்சாம்பல் பிரிக்கும் இயந்திரத்தின் அடியில், சாம்பல் விழுந்து சேரும் ஹாப்பர்கள் கவிழ்த்த பிரமிடு போல இருக்கும். அந்த மாதிரி தகடு வெட்டி வளைத்து இணைக்கும் ஃபேப்ரிகேஷன் வேலைக்குப் போக நினைப்பவர் வடைக்கு அடுத்த நாளே சமோசாவுக்கு வந்துவிடலாம்.

ஆற்காடு மக்கன் பேடாவை ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். உள்ளே முந்திரி, பாதாம் பூரணம், வெளியே மாவு. அடுத்தடுத்த பாகங்களுக்கு ஹாட்ச்சிங்கை எதிரெதிராகச் சாய்ப்பதைப் பழக அருமையான பண்டம். பாகுதான் தொல்லை. பொரித்து, பாகில் போடாத பேடா கிடைத்தால் சொல்லுங்கள், அளந்துவிடலாம்.