பச்சை மூடி, இளம்பச்சை மூடி, வெள்ளை மூடி: 1/72 விமானத்துக்கு எந்தப் பசை?

1/72 அளவில், அதாவது அசலின் 72-இல் ஒரு பங்காக, பிளாஸ்டிக் மாதிரிப் போர்விமானம் கட்டுகிறவரின் மேசையில் ஒரே ஒரு பசைக்குத்தான் இடம் என்றால், அது டாமியா நிறுவனத்தின் எக்ஸ்ட்ரா தின்தான். பச்சை மூடி, 40 மில்லி, மூடியோடு சேர்ந்த மெல்லிய தூரிகை. இளம்பச்சை மூடி போட்ட குவிக் செட்டிங் வகை வந்த பிறகு, பழையதை ஓரங்கட்டிவிட்டு முழுக்க அதற்கே மாறியவர்கள் உண்டு. அந்த மாற்றம் வேண்டாத வேலை. வேகம் சில இடங்களில் கைகொடுக்கும், இறக்கை பொருத்தும்போது காலை வாரிவிடும்.

பச்சை மூடியில் இருப்பவை முக்கியமாக இரண்டு கரைப்பான்கள்: பியூட்டைல் அசிடேட், அசிட்டோன். இரண்டுமே, மாதிரி விமானத்தின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைப்பவை. இரு விளிம்புகளும் இளகி ஒன்றுக்குள் ஒன்று கலந்து, கரைப்பான் ஆவியானதும் ஒரே பிளாஸ்டிக்காக இறுகிவிடும். அசிட்டோன் சீக்கிரம் பறந்துவிடும், பியூட்டைல் அசிடேட் நிதானமாகப் போகும். அந்த நிதானம்தான் பாகத்தை நகர்த்திச் சரிசெய்யக் கிடைக்கும் அவகாசம். இதன் எல்லையும் இங்கேயே தெரிந்துவிடுகிறது. விளிம்புகள் தொட்டால்தான் பிடிக்கும், இடைவெளியை இது நிரப்பாது. பெயின்ட் ஏறிய விளிம்பில் பெயின்டைத்தான் கரைக்கும். விமானி அறையின் உட்புறத்துக்கு வண்ணம் அடித்த பிறகு, உடலின் இரு பாதிகளிலும் ஒட்டவேண்டிய விளிம்பைப் பிளேடால் சுரண்டி வெறும் பிளாஸ்டிக்கை வெளியே கொண்டுவந்தாக வேண்டும்.

உடலின் இரு பாதிகளைச் சேர்ப்பதில்தான் இந்தப் பசையின் அருமை தெரியும். முதலில் பசையில்லாமல் பொருத்திப் பார்த்து, மூன்று நான்கு இடங்களில் டேப் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். தூரிகையைக் குப்பியின் வாயில் இரண்டு பக்கமும் வழித்துவிட்டு, நுனியை மட்டும் இணைப்பில் தொடுங்கள். திரவம் தானாகவே இரண்டு சென்டிமீட்டர் தூரம் உள்ளே ஓடும். சில விநாடிகள் விட்டு, இரண்டு விரலால் பக்கவாட்டில் அழுத்தினால் இளகிய பிளாஸ்டிக் ஒரு மெல்லிய நூல் போலக் கோடு நெடுகப் பிதுங்கி நிற்கும். அதைத் துடைக்கக் கூடாது. அந்தப் பிதுக்கம்தான் இணைப்புக்குள் காற்றிடம் இல்லை என்பதற்கு அத்தாட்சி. இறுகியதும் பிளேடால் சீவிவிட்டு உப்புத்தாள் போட்டால் பெரும்பாலும் புட்டியே தேவைப்படாது.

கெடுவது எங்கே என்றால், டேப் குறுக்கே போகும் இடத்தில். தூரிகை அங்கே பட்டால் திரவம் டேப்புக்கு அடியில் ஓடி, நாள் முழுக்க ஆவியாக வழியில்லாமல் மேற்பரப்பை அரித்துவிடும். டேப்புக்கு இரண்டு பக்கமும் சில மில்லிமீட்டர் விட்டுவிட்டு, மற்ற பகுதி பிடித்த பிறகு டேப்பைக் கழற்றி மிச்சத்தை ஒட்டுவதே சரி. விரல்களுக்கும் இதே விதி. இணைப்பின் மேல் விரல் இருக்கும்போது பசை தொட்டால், திரவம் விரலுக்கடியில் புகுந்து ரேகை அப்படியே பதிந்துவிடும்.

பேனல் கோட்டுக்குள் (விமானத் தகடுகளின் விளிம்பைக் காட்டும் மெல்லிய பள்ளம்) பசை ஓடிவிட்டாலும் கை வைக்கக் கூடாது. துடைத்தால் இளகிய பிளாஸ்டிக் இழுபட்டு அந்தப் பக்கமே மழுங்கிப்போகும். அப்படியே காயவிட்டால் சேதம் மிகக் குறைவு. மறுநாள் 1000 எண் உப்புத்தாளில் தொடங்கி 2000 வரை தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கோட்டை ஊசியால் ஒருமுறை திறந்துவிட்டால் அடையாளம் தெரியாது.

பலரும் அவசரப்படுவது காயும் நேரத்தில். கையில் எடுத்துப் பார்க்கச் சில நிமிடம் போதும். உப்புத்தாள் போட ஒரு நாளாவது வேண்டும், முதுகுப்புற நீளக் கோட்டுக்கு இரண்டு நாள் கொடுப்பது உத்தமம். கரைப்பான் உள்ளே இருக்கும்வரை இணைப்பு லேசாக உப்பியிருக்கும். அந்த நிலையில் மட்டமாகத் தேய்த்துவிட்டால், மிச்சக் கரைப்பான் வெளியேறும்போது பிளாஸ்டிக் உள்வாங்கி, பெயின்ட் அடித்த பிறகு ஒரு பள்ளக் கோடு தலைகாட்டும். பச்சையும் பழுப்பும் பூசிய ஸ்பிட்ஃபயரில் கண்ணுக்குத் தப்பலாம். வெள்ளி அடித்த சேபர் எஃப்-86 முதுகில் தப்பாது. (வெள்ளி அடித்த விமானங்களில் மஸ்டாங் பி-51 இறக்கை மட்டும் வேறு மாதிரி. அசல் விமானத்திலேயே முன்பக்கப் பேனல் கோடுகளையும் ரிவெட்டுகளையும் புட்டி வைத்து மூடி, மேலே வெள்ளி வண்ணம் பூசினார்கள். அங்கே கோடுகளை நிரப்புவதுதான் சரியான வேலை.)

இப்போது இளம்பச்சை மூடி. உடலின் பாதி கொஞ்சம் முறுக்கிக்கொண்டு வந்திருந்தால் இதுதான் மருந்து. ஒரு இடத்தை அழுத்திச் சமப்படுத்தி, ஒரு தொடு தொட்டு, பத்து இருபது விநாடி பிடித்தால் நின்றுவிடும். அடுத்த இடத்துக்கு நகரலாம். பிட்டோ குழாய் (வேகம் அளக்கும் ஊசிக்குழல்), ஆன்டெனா கம்பம், வெடிகுண்டின் வால் தகடு மாதிரி சில்லறைப் பாகங்களுக்கும் நல்லது. ஆனால் இறக்கைக்கு? 1/72 ஸ்பிட்ஃபயரின் இறக்கை நுனிக்கு நுனி 156 மில்லிமீட்டர், கிடைமட்டத்திலிருந்து மேல்நோக்கிய சாய்வு 6 டிகிரி. பெரும்பாலான கிட்களில் (பாகங்கள் அடங்கிய பெட்டி) கீழ் இறக்கை ஒரே துண்டு, மேல் பாதிகள் இரண்டு. உடலோடு சேரும் இடத்தில் இடைவெளி மூடுகிறதா, இரு நுனிகளும் ஒரே உயரமா, முன்னிருந்து பார்த்தால் வால் நேராக நிற்கிறதா என்று மூன்றையும் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டும். இரண்டாவதைச் சரிசெய்வதற்குள் குவிக் செட்டிங் இறுகியிருக்கும். பிரித்தெடுக்கப் போனால் மெல்லிய பின்விளிம்பு பிய்ந்துவரும். பச்சை மூடி போட்டு, இறக்கை நுனிகளுக்கு டேப்பால் இழுப்புக் கொடுத்துச் சாய்வைச் சரிசெய்து, ராத்திரி முழுக்க அசையாமல் வைப்பதே வழி.

வெள்ளை மூடி போட்ட பழைய டாமியா பசை கெட்டியானது, கரைப்பானோடு பிசினும் கலந்தது. பாகங்களைச் சேர்ப்பதற்கு முன்பே இதை இரண்டு பக்கமும் தடவ வேண்டும். கூடவே வரும் தூரிகை இந்த அளவு விமானத்துக்குத் தடி. பல்குத்தும் குச்சியின் நுனியில் எடுத்தால் போதும். சக்கரக்கால்களுக்கு இதைவிட நல்லது கிடையாது. குழியில் ஒரு சொட்டு வைத்து, காலை நட்டு, முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்துக் கோணத்தைத் திருத்தப் போதிய நேரம் கிடைக்கும். வெளியே தெரியும் இணைப்புகளுக்கு வேண்டாம், நூல் நூலாக இழுத்துக்கொண்டு வரும்.

லிமோனீன் என்ற கரைப்பானில் செய்த பசை வகைக்கு ஆரஞ்சுத் தோல் வாசனை. மூக்குக்கு இதமாக இருப்பதால் ஆபத்தில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அதுவும் தீப்பற்றும், காற்றுபட்டுப் பழையதானால் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை தரும். மெதுவாக இறுகுவது, பிடிப்பும் சற்று மென்மை. வாசனைக்காக வாங்கலாம், வேறு காரணம் இல்லை.

போட்டியாளர்களில் ஜிஎஸ்ஐ கிரியோஸின் மிஸ்டர் சிமென்ட் எஸ் இளம்பச்சை மூடிக்கு நிகரானது. இரண்டில் எது கிடைத்தாலும் ஒன்றுதான். ரெவெல் கான்டாக்டா புரொஃபஷனல் ஊசிமுனையோடு வருவது, உள்ளே இருக்கும் இருக்கைப் பலகை, தடுப்புச் சுவர் போன்றவற்றுக்குத் துல்லியமாகச் சொட்டு வைக்கலாம். ஊசி அடைத்துக்கொள்வது இதன் கூடப்பிறந்த குணம். மெல்லிய கிட்டார் கம்பி ஒன்றை உள்ளே விட்டு எடுத்தால் திறந்துகொள்ளும்.

இவை எதுவும் தொடக் கூடாத பாகம் விமானி அறையின் கண்ணாடி மூடி. தெளிந்த பாகமும் பாலிஸ்டைரீன்தான், அதனால் ஒட்டத்தான் செய்யும். ஆனால் ஒரு துளி அதிகமானால் சட்டத்தின் ஓரமாக ஓடிப் பளிங்குப் பகுதிக்குள் மங்கல் கோடு போட்டுவிடும். அழுத்திப் பொருத்திய மூடியாக இருந்தால் சிலந்திவலை போல விரிசலும் விடும். சூப்பர் க்ளூ இன்னும் மோசம், அதன் ஆவியே உள்பக்கம் வெள்ளையாகப் படியும். வெள்ளைப் பிவிஏ பசையை ஓரத்தில் மெலிதாகத் தடவி வைத்து, பிதுங்கியதை ஈரத் தூரிகையால் துடைப்பதுதான் பாதுகாப்பு. பித்தளைத் தகட்டுப் பாகங்களுக்கும் ரெசின் இருக்கைகளுக்கும் சூப்பர் க்ளூதான், கரைப்பான் பசை அவற்றில் ஒட்டவே ஒட்டாது. மிக்-21 மாதிரி மூக்குச் சக்கர விமானங்கள் வாலில் உட்காராமலிருக்க முன்னால் எடை வைக்கும்போது ஈயக் குண்டுகளைப் பிவிஏவில் புதைக்காதீர்கள். ஈயம் அதோடு வினைபுரிந்து மெல்ல உப்பி உடலையே பிளக்கும். எபாக்சி போடுங்கள்.

பச்சை மூடிக் குப்பி கால்வாசிக்கு இறங்கியதும் அதற்கு இரண்டாவது பிழைப்பு ஒன்று உண்டு. அதே கிட்டின் ஸ்ப்ரூவை (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டம்) இரண்டு மூன்று மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, மிச்சத் திரவத்துக்குள் மூழ்கும் அளவுக்குப் போட்டு ராத்திரி மூடி வையுங்கள். காலையில் கிளறினால் கெட்டியான கூழாகியிருக்கும். இறக்கைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் இதை வைக்கலாம். காயும்போது சுருங்கும், ஆகவே ஒருநாள் விட்டு இரண்டு பூச்சு, பிறகு இரண்டு நாள் ஓய்வு. கடைப் புட்டியைவிட இது ஏன் மேல் என்றால், காய்ந்ததும் கிட்டின் பிளாஸ்டிக்கும் இதுவும் ஒரே கடினம். மறுபடி பேனல் கோடு கீறும்போது ஊசி வழுக்காமல், உதிராமல் ஒரே ஆழத்தில் போகும். சூப்பர் க்ளூ நிரப்பிய இடத்தில் அது நடக்காது.

ஆன்டெனா கம்பிக்கு ஸ்ப்ரூவை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி இழுத்து நூலாக்குவது வழக்கம். அந்த நூலைக் கம்பத்தில் நிறுத்த இளம்பச்சை மூடியின் ஒரு பொட்டு போதும், அதிகமானால் நூலே கரைந்து அறுந்துவிடும். சுடர் எரியும்போது குப்பி மூடியோடு வேறு மேசையில் இருக்க வேண்டும். அசிட்டோன் ஆவி மைனஸ் 20 டிகிரியிலேயே தீப்பிடிக்கத் தயாராக இருப்பது. ஜன்னல் திறந்திருக்கட்டும். நைட்ரைல் கையுறையை நம்ப வேண்டாம், அசிட்டோன் அதைச் சீக்கிரமே ஊடுருவும்.

குப்பியின் வாயில் படியும் பசையை அவ்வப்போது துணியால் துடைத்து வையுங்கள். இல்லாவிட்டால் காய்ந்த படிவு மூடியைச் சரியாக மூடவிடாது, உள்ளேயிருக்கும் அசிட்டோன் முதலில் தப்பிக்கும், பசை நாளுக்கு நாள் மெதுவாகும். பழைய குப்பி வழக்கத்தைவிட நேரம் எடுக்கிறது என்று தோன்றினால் ஒட்டும் வேலைக்கு அதை நம்ப வேண்டாம். கூழ் காய்ச்ச ஒதுக்கிவிட்டுப் புதியதைத் திறங்கள்.