சுமை தாங்கும் சுவரில் புது வாசல்: கான்கிரீட் லிண்டலா, இரும்பு சேனலா?

கிருஷ்ணகிரி பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் கல் சுவரோ செங்கல் சுவரோதான் மேல்தளத்தைத் தாங்குகிறது. அதில் வாசல் திறக்க கான்கிரீட் லிண்டல் (வாசலுக்கு மேல் சுமை தாங்கும் குறுக்கு உத்தரம்) போட்டால் துருத் தொல்லை குறைவு. ஆனால் அது முழு பலம் பெற 28 நாள் ஆகும். மேலே தாங்கும் தற்காலிக முட்டுகளை அவசரப்பட்டுப் பிரித்தால் மேலே விரிசல்தான்.

இரும்பு சேனலில் ('ப' வடிவ இரும்பு உத்தரம்) வேலை வரிசையே வேறு. முட்டு கொடுத்து, சுவரின் ஒரு பக்கம் காடி (நீளப் பள்ளம்) வெட்டி முதல் சேனலைச் செருகி, இடுக்கில் சுருங்காத கிரவுட் (இடைவெளி நிரப்பும் சிமென்ட் கலவை) திணிப்பார்கள். அது இறுகிய பிறகே மறுபக்கம். இரண்டையும் போல்ட்டால் இணைத்து, அப்புறம்தான் கீழே உடைப்பு. ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு நான் இதையே சொல்வேன். துருத்தடுப்பு பெயின்ட் மட்டும் கட்டாயம்.

எதுவானாலும், சிறிய வாசலுக்கே இருபுறமும் குறைந்தது 6 அங்குலம் சுவரில் உட்கார வேண்டும். மண் சாந்துச் சுவரென்றால் அடியில் கான்கிரீட் திண்டு அவசியம். அளவைப் பொறியாளர்தான் கணக்கிட வேண்டும், கண்மதிப்பு போதாது.