பாம்பனுக்கு அந்தப் பக்கம்: கருவியா, ஆளா?

புயல் வந்து போக்குவரத்து நின்றுவிட்டால் ராமேஸ்வரம் தீவில் பிரஷர், சுகர், இருதய நோயாளிகளை யார் பார்த்துக்கொள்வது? இரண்டு யோசனைகள் உண்டு. ஒன்று, உடம்பில் மாட்டும் கருவி. நாடித்துடிப்பையும் ஆக்சிஜனையும் ராமநாதபுரத்து டாக்டரின் திரைக்குத் தானாக அனுப்பிவிடும். மற்றது, உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, பிரஷர் மெஷினும் ஃபோனும் கொடுப்பது.

கருவி தூங்காது. நடுராத்திரி ஆக்சிஜன் இறங்கினால் அதுதான் சொல்லும். ஆனால் கரண்டும் டவரும் இருந்தால்தானே? 2020 டிசம்பரில் புரெவி புயல் மன்னார் வளைகுடாவில் நகராமல் கிடந்த மாதிரி இன்னொன்று வந்தால் முதலில் போவது இவை இரண்டும்தான். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், அளவுகளைச் சேமித்து வைத்து சிக்னல் வந்ததும் அனுப்பும் ரகத்தை வாங்கலாம்.

சரி, எண் போய்ச் சேர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர் குளிர்ந்த விரலில் தடுமாறும். கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகவும் காட்டலாம். வெயிலில் கறுத்த நம் கரையில் இது சின்ன விஷயமா? திரையில் ஆக்சிஜன் 95 என்று, பயமில்லாத எண்ணாகவே இருக்கும். மனிதரோ ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். பிரஷரும் அப்படித்தான். வலை இழுத்துவிட்டு வந்தவரை ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி, பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாமல் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

இதற்கு அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் பெண்கள் வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஆபத்து அறிகுறிகளைச் சொல்லித்தர வேண்டும். இருதயம் பலவீனமானவருக்கு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். உடனே டாக்டருக்கு ஃபோன். இதைக் கண்டுபிடிக்க ஒரு எடை மெஷின் போதும்.

பயிற்சியிலும் தரம் உண்டு. ஊரிலிருந்து கூட்டிப் போய் ஒரு நாள் படம் காட்டி, டீயும் சான்றிதழும் கொடுத்து அனுப்புவது வீண். ஐப்பசி மழைக்கு முன்னால், அவரவர் கையால் செய்ய வைத்துப் பழக்க வேண்டும்; ஃபோனில் வரும் வீடியோ மறுபடி பார்த்துக்கொள்ள உதவும். இதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. புயலில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகும். தெருவுக்கு இரண்டு பேராவது வேண்டும், அதுவும் சம்பளத்தோடு.

ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் என் ஓட்டு ஆளுக்கு. மீதி இருந்தால், ஆஸ்பத்திரியிலிருந்து புதிதாக வீடு திரும்பியவர்களுக்கு மட்டும் கருவி வாங்குங்கள். பேட்டரி தீர்ந்தால் யார் மாற்றுவது என்று முதலில் கேட்டுவிட்டு.