அட்லாண்டிக் சிட்டியில் 'இலவச அறை': 230 டாலர் கட்டிய கதை

நியூ ஜெர்சிப் பக்கம் இருப்பவர்களுக்கும், ஊரிலிருந்து வரும் பெரியவர்களைக் கூட்டிப்போக இடம் தேடுபவர்களுக்கும் இதை எழுதுகிறேன். விடுதியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதை மட்டும் தவிர்த்துவிட்டு அடுத்த கட்டடத்தில் போய் இதே மாதிரி மாட்டிக்கொள்வீர்கள்.

போன அக்டோபரில் மாமா வந்திருந்தார். 1992இல் ஆறு மாத வேலையாக நியூயார்க் வந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து கடற்கரைச் சூதாட்ட ஊரான அட்லாண்டிக் சிட்டி போய், தாஜ் மஹால் என்ற கேசினோவைப் (சூதாட்ட விடுதியை) பார்த்தவர். பஸ் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசை குவார்ட்டர் நாணயச் சுருளாக அங்கேயே திருப்பிக் கொடுத்தார்களாம். அந்த நாணயங்களைப் போட்டு விளையாடக் கொடுத்த பிளாஸ்டிக் டப்பாவை மாமா ஊருக்கே கொண்டுபோய்விட்டார். தாஜ் படம் போட்ட அந்த டப்பாவில்தான் அத்தை இன்றுவரை மிளகாய் வற்றல் வைத்திருக்கிறார். அதனால் எங்கள் வீட்டில் அந்தக் கேசினோவைத் தெரியாத குழந்தையே கிடையாது.

"மாப்பிள்ளை, நயாகரா எல்லாம் வேண்டாம். அந்தத் தாஜை இன்னொரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்" என்றார்.

தாஜ் இப்போது இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1990 ஏப்ரலில் டொனால்டு டிரம்ப் அதைத் திறந்தபோது உலகத்தின் எட்டாவது அதிசயம் என்று அவரே சொல்லிக்கொண்டார். மைக்கேல் ஜாக்சன் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். 100 கோடி டாலருக்கு மேல் விழுங்கிய கட்டடம், பெரும்பங்கு அதிக வட்டிக் கடன் பத்திரங்களில் வாங்கிய பணம். வட்டி 14 சதவீதம். அடுத்த ஆண்டே திவால் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. அதாவது மாமா 1992இல் வாயைப் பிளந்து பார்த்த அந்தக் குவிமாடங்கள் அப்போதே கடன் கொடுத்தவர்கள் கையில் பாதி போனவை. அப்புறம் எப்படியோ இழுத்துப் பிடித்து ஓட்டி, கடைசியில் கார்ல் ஐகான் என்ற பெரிய முதலீட்டாளரிடம் வந்து சேர்ந்தது. உடல்நலக் காப்பீட்டைக் கேட்டு ஊழியர்கள் 2016 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அக்டோபரில் மூடிவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஹார்டு ராக் நிறுவனம் 5 கோடி டாலருக்கு வாங்கியது. 100 கோடிக்குக் கட்டியது, 5 கோடிக்கு.

சரி, கட்டடமாவது இருக்கிறதே, கடற்கரையாவது இருக்கிறதே என்று கிளம்பினோம். மாமா, நான், மனைவி, எட்டு வயது மகள். நான்கைந்து மாதம் முன்பு அலுவலக நண்பர்களோடு போயிருந்தபோது ஒரு விடுதியில் ஆட்ட அட்டை (ஆட வருபவர்களுக்கு விடுதி தரும் உறுப்பினர் அட்டை) எடுத்திருந்தேன். அன்றிலிருந்து வாரம் ஒரு கடிதம் வரும். அதில் ஒன்று: வாரநாளில் இரண்டு இரவு, இரட்டைக் கட்டில் அறை, கட்டணம் 0 டாலர். அதைத்தான் பிடித்துக்கொண்டேன். (அது ஹார்டு ராக் இல்லை, வேறு இடம்.)

வரவேற்பு மேசையில் நாற்பது நிமிடம் வரிசை. தானாகச் சாவி எடுத்துக்கொள்ளும் இயந்திரங்கள் நான்கு இருந்தன, நான்கிலும் காகிதம் ஒட்டி மூடியிருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் அந்தப் பெண் சிரித்த முகத்தோடு, ரிசார்ட் கட்டணம் இரவுக்கு 38 டாலர், வரி தனி, கார் நிறுத்த நாளுக்கு 20, முன்பிடித்தம் (பிறகு விடுவிக்கும் பிணைத்தொகை) இரவுக்கு 100 என்று ஒப்பித்தார். இலவசம் என்றுதானே கடிதம் என்று காட்டினேன். அறை இலவசம்தான், ரிசார்ட் கட்டணம் அறைக்கானது இல்லை என்றார். வேறு எதற்கு? நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், இணையம். சரி, மகள் குளம் குளம் என்று இரண்டு நாளாகக் குதித்துக்கொண்டிருந்தாள், போகட்டும் என்று அட்டையை நீட்டினேன். அங்கேதான் நானே என் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். நீட்டியது டெபிட் அட்டை. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அறையில் ஒரே கட்டில். நான்கு பேர். ஜன்னலைத் திறந்தால் எதிரே கார் நிறுத்தும் அடுக்குக் கட்டடம். கீழே இறங்கி வந்து கேட்டால், இரட்டைக் கட்டில் 'இருப்பைப் பொறுத்து' என்று கடிதத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறதாம். இருந்தது. இரவுக்கு 45 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் கடல் பக்கம் இரட்டைக் கட்டில் உடனே தருகிறேன் என்றார். இருப்பு இல்லாத கட்டில் 45 டாலரைப் பார்த்ததும் எங்கிருந்து முளைத்தது என்று கேட்க நினைத்தேன். பக்கத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். கொடுத்துவிட்டேன்.

கடல் தெரிந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே உப்புக் காற்று புகுந்து பால் ஊற்றிய மாதிரி வெளுத்திருந்தது. நீலமாக ஏதோ அசைகிறது, அவ்வளவுதான். ஏ.சி. பெட்டி இரவெல்லாம் தட்டியது. ஆறு லிஃப்டில் இரண்டுதான் ஓடின. மாமாவுக்கு முழங்கால் வலி, பதினைந்தாவது மாடி, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம்.

குளம்? பூட்டியிருந்தது. கதவில் 'பராமரிப்புக்காக மூடப்பட்டுள்ளது' என்று அறிவிப்பு. காகிதம் பழுத்து ஓரம் சுருண்டிருந்ததைப் பார்த்தால் அது நேற்று ஒட்டியது இல்லை. போட்டோ எடுத்துக்கொண்டேன். இந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஆட்டக்கூடத்தில் நிற்கக்கூடாது என்பது சட்டம். அதனால் மனைவியும் மகளும் அறையில் டி.வி. பார்த்தார்கள். குழந்தையோடு போகிறவர்கள், குளம் திறந்திருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டே அறை எடுங்கள்.

இப்போது ஆட்டம். மாமா ஜாக்கிரதையான ஆள், 100 டாலர் தனியாக எடுத்து வைத்து, அதற்கு மேல் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் பிளாக்ஜாக் (21ஐத் தாண்டாமல் நெருங்க வேண்டிய சீட்டாட்டம்) மேசையில் உட்கார்ந்தார். குறைந்தபட்சப் பந்தயம் 15 டாலர். மூன்றாவது ஆட்டத்திலேயே ஏஸும் ராஜாவும் விழுந்தது, அந்த ஜோடிக்குத்தான் பிளாக்ஜாக் என்று பெயர். மாமா முகத்தில் 1992 திரும்பி வந்துவிட்டது. சீட்டுப் போடும் ஊழியர் 18 டாலருக்குச் சில்லுகளை (பணத்துக்குப் பதிலான வில்லைகளை) தள்ளினார்.

"இருபத்திரண்டரை வரணுமே, மாப்பிள்ளை?"

நானும் அவர் கணக்கு தப்போ என்றுதான் நினைத்தேன். ஊழியர் எதுவும் பேசாமல் மேசைத் துணியில் அச்சடித்திருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். பிளாக்ஜாக்குக்கு 6க்கு 5, அதாவது 5 டாலர் பந்தயத்துக்கு 6 டாலர். மாமா காலத்தில் அது 3க்கு 2. 15 டாலருக்கு 22.50 வர வேண்டிய இடத்தில் 18. நாலரை டாலர்தானே என்று தோன்றும். ஆனால் இந்த ஒரு மாற்றமே கேசினோவின் சாதகத்தை (பந்தயத்தில் சராசரியாக அதன் பக்கம் போகும் பங்கை) சுமார் 1.4 சதவீதம் கூட்டிவிடுகிறது. நன்றாக ஆடத் தெரிந்தவருக்கு எதிராகப் பழைய மேசையில் இருந்த மொத்தச் சாதகமே அரை சதவீதத்துக்குப் பக்கம்தான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, எல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். உட்காரும் முன் துணியைப் படிப்பவர் யார்? 3க்கு 2 கொடுக்கும் மேசைகள் அதே கூடத்தில் இருந்தன, குறைந்தபட்சம் 50 டாலர். சின்னப் பந்தயக்காரருக்குத்தான் மோசமான விதி.

மாமா எழுந்துவிட்டார். மீதிப் பணத்தில் கொஞ்சத்தை ஸ்லாட் இயந்திரத்தில் போட்டார். இப்போது நாணயம் கொட்டும் சத்தமே கிடையாது. வெறும் காகிதச் சீட்டுதான். அதைப் பணமாக்கும் இயந்திரத்தில் கொடுத்தால் முழு டாலரை மட்டும் தந்துவிட்டு, சில்லறை 85 சென்டுக்கு இன்னொரு சீட்டைக் கக்கியது. அதை வாங்க வேண்டுமானால் கூண்டுக்கு (பணம் தரும் கவுன்டருக்கு) போய் இருபது பேருக்குப் பின்னால் நிற்க வேண்டும். யார் நிற்பார்கள்? அந்தச் சீட்டுக்கும் காலாவதித் தேதி உண்டு.

மறுநாள் காலை போர்டுவாக்கில் நடந்தோம். 1870இல் போட்ட மரப்பலகை நடைபாதை, இன்றும் காலாற நடக்க அருமையான இடம். அதற்கு ஒரு பைசா கட்டணம் இல்லை. பழைய தாஜ் இருந்த இடத்துக்கு வந்தோம். வாசலில் ஹார்டு ராக்கின் அடையாளமான கிடார். குவிமாடங்கள் போய்விட்டன.

"யானை எங்க மாப்பிள்ளை? இங்க கல்லுல யானை இருந்துச்சே."

அப்போதுதான் முழுக் கதையையும் சொன்னேன். 1978 மே மாதம் இந்த ஊரில் ரிசார்ட்ஸ் என்ற முதல் கேசினோ திறந்தபோது லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடாவுக்கு வெளியே நாட்டில் சட்டப்படி வேறு கேசினோவே இல்லை. கிழக்குக் கரையின் சூதாட்டப் பணமெல்லாம் இங்கேதான் வந்தாக வேண்டும். அப்புறம் கனெக்டிகட்டில் திறந்தார்கள். 2006இல் பென்சில்வேனியாவில் ஸ்லாட் வந்தது. பிலடெல்பியாக்காரர் ஒரு மணி நேரம் கார் ஓட்டி இங்கே வர வேண்டிய அவசியம் போய்விட்டது. அந்த ஆண்டு 520 கோடி டாலராக இருந்த ஊரின் கேசினோ வருமானம் பத்தே ஆண்டுக்குள் ஏறக்குறையப் பாதியானது. 2014இல் மட்டும் பன்னிரண்டில் நான்கு மூடின. அதில் ரெவெல் என்று ஒன்று: 240 கோடி டாலரில் கட்டி, 2012இல் திறந்து, இரண்டரை ஆண்டு கூட ஓடாமல் மூடி, 8.2 கோடிக்கு விற்றார்கள். மூடிய நான்கில் இன்னொன்றான டிரம்ப் பிளாசாவை 2021 பிப்ரவரியில் வெடி வைத்தே தகர்த்தார்கள்.

மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப பஸ் காசையே திருப்பிக் கொடுத்தானே, இப்ப கார் நிறுத்தக் காசு கேக்குறான்" என்றார். என் நாற்பது நிமிட விளக்கத்தைவிட அது சரியாக இருந்தது. ஆட்டத்துக்கு வேறு ஊர் இல்லாத காலத்தில் வாசல்வரை கூட்டி வந்து சோறு போட்டார்கள். ஆட்டக்காரர் கூட்டம் குறைந்ததும், தூங்க வந்தவனிடமும் காரை நிறுத்தியவனிடமும் வசூலிக்கிறார்கள். வேலை செய்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த மேசைப் பெண் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் அதே வசவை வாங்குவாரோ.

கிளம்பும்போது பில்லில் குளிர்பெட்டிக்கு 28 டாலர். நாங்கள் எதையும் குடிக்கவில்லை. மகளுக்கான தயிர்சாத டப்பாவை வைக்க மனைவி இரண்டு பாட்டிலை நகர்த்தியிருக்கிறார், அடியில் இருக்கும் உணரி அதை விற்பனை என்று எடுத்துக்கொண்டது. சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் கழித்துவிட்டார்கள். அவ்வளவு சீக்கிரம் கழித்ததைப் பார்த்தால், கேட்காமல் கட்டிவிட்டுப் போகிறவர்கள் எத்தனை பேரோ. பில் மொத்தம் வரியோடு 230 டாலரைத் தொட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தேன், அதே போன்ற கடல் பக்க அறை அடுத்த வாரநாட்களுக்கு எல்லாம் சேர்த்து இரண்டு இரவு 190 என்று ஒரு தளத்தில் கிடந்தது.

டெபிட் அட்டை விஷயம். முன்பிடித்தம் 200 டாலர் கணக்கிலிருந்து உண்மையாகவே பிடிபட்டு ஒன்பது நாள் வரவில்லை. நடுவில் வாடகைத் தேதி. கடன் அட்டையாக இருந்தால் வரம்பில் மட்டும் கழிந்திருக்கும், நம் கைப்பணம் நம்மிடமே இருந்திருக்கும். தயவுசெய்து விடுதியில் டெபிட் அட்டையை நீட்டாதீர்கள்.

பிறகு விடுதிக்கு எழுதினேன். 2025 மே 12 முதல் அமலில் இருக்கும் மத்திய வணிக ஆணைய விதிப்படி, தங்கும் அறைக்கு விலை சொன்னால் கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்த மொத்தத்தையே காட்ட வேண்டும். 0 டாலர் என்று அச்சடித்தது எப்படி என்று கேட்டு, குளத்துக் கதவு போட்டோவையும் இணைத்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு இரவுக்கான 38 டாலர் திரும்பி வந்தது. குளம் இரண்டு நாளும்தான் பூட்டியிருந்தது, பாதி எந்தக் கணக்கோ. மீதிக்கு வங்கியில் முறையிட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. ஆட்டத்தில், சீட்டில், பணம் தருவதில் தகராறு என்றால் அது வேறு வழி: நியூ ஜெர்சியின் சூதாட்ட அமலாக்கப் பிரிவுக்குப் புகார் கொடுக்கலாம். 6க்கு 5 மேசைக்கு அங்கே போய்ப் பயனில்லை, அது அனுமதிக்கப்பட்ட விதி.

மாமா மார்ச்சில் மறுபடி வருகிறார். போர்டுவாக்குக்குப் போக வேண்டுமாம். காலையில் போய் இரவே திரும்புவதாகத் திட்டம், சாப்பாடு வீட்டிலிருந்து. அந்த 85 சென்ட் சீட்டையும் பர்ஸில் பத்திரமாக வைத்திருக்கிறாராம், காலாவதிக்கு முன் எப்படியும் வாங்கிவிட வேண்டும் என்று.