கமகத்தைக் கலைக்காத பெடல் எது?

களியக்காவிளைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சபையில் 16 வருடமாக கிட்டார் வாசிக்கிறேன். ஞாயிறு ஆராதனை, கன்வென்ஷன் கூட்டங்கள், டிசம்பரில் வீடு வீடாக கேரல். பங்குனி, சித்திரை வந்தால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் கானமேளா என்கிற பாட்டுக் கச்சேரி. இந்த இரண்டு விதமான மேடைக்கும் ஒரே பெடல்போர்டைத்தான் பைக்கில் கட்டிக்கொண்டு போகிறேன். பெடல் என்றால் கிட்டாருக்கும் ஆம்புக்கும் (ஒலிபெருக்கி) நடுவில் வைத்துக் காலால் அழுத்தி ஒலியை மாற்றும் சின்னப் பெட்டி, அவற்றை அடுக்கிய பலகைதான் பெடல்போர்டு. அதில் மாடுலேஷனுக்கென்று, அதாவது ஒலியை அலைபோல அசைய வைக்கும் பெடலுக்கென்று, ஒதுக்கிய இடத்தில் எத்தனையோ பெடல்கள் வந்து போயின. சிலதை வாங்கினேன், சிலதை விற்றேன், சிலதை இரவல் வாங்கி ஒரு வாரம் வைத்திருந்தேன்.

வீடியோக்களில் இந்தப் பெடல்களைக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் கார்டு அடித்துத்தான் காட்டுகிறார்கள். ஒரு சுரத்தைப் பிடித்து இழுத்து, குழைத்து, அடுத்த சுரத்தில் இறக்குகிற கமகத்தைக் காட்டுவதில்லை. நமக்கோ பாதி வேலை அதுதான். அதனால் என் சோதனை எப்போதும் ஒன்றே. ஆனந்தபைரவியில் அமைந்த ஒரு பழைய கீர்த்தனையின் பல்லவியை ஒற்றைக் கம்பியில் ஸ்லைடு போட்டு வாசிப்பேன். பிறகு ஜி மேஜர் கார்டைப் பிரித்துப் பிரித்து வாசிப்பேன். இரண்டிலும் நிற்கிற பெடல்தான் எனக்கு வேண்டும்.

முதலில் கோரஸ். எல்லாரும் முதலில் வாங்குவதும் இதுதான். ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப் 1975-இல் வந்தது. அதற்குள் இருந்த கோரஸை எடுத்துத் தனிப் பெட்டியாக 1976-இல் பாஸ் (Boss) என்ற பெயரில் சிஇ-1 ஆக்கினார்கள். 1979-இல் அது சிறிய சிஇ-2 ஆனது. என்னிடம் இருப்பது பின்னால் வந்த சிஇ-2டபிள்யூ. பழைய இரண்டின் ஒலியும் ஒரு சுவிட்சில் வந்துவிடும். கார்டு வாசித்துப் பார்த்தால், ஒரு கிட்டாருக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். கானமேளாவில் மெலடிப் பாட்டு தொடங்கும்போது ரேட்டை (அசையும் வேகம்) குறைத்து, டெப்த்தை (அசைவின் அளவு) பாதியில் வைத்து நாலு கார்டு பிரித்து வாசித்தால் பின்வரிசை வரை அமைதியாகிவிடும். அந்த இடத்தில் வேறெந்தப் பெடலும் இதற்கு ஈடில்லை.

இதே பெடலோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனை வாசித்தேன். எங்கள் பாட்டு வாத்தியாருக்கு வயது 70 தாண்டிவிட்டது, ஆர்மோனியக்காரர். ஆராதனை முடிந்ததும் கூப்பிட்டார். "மக்களே, நல்லாத்தான் வாசிச்சே. ஆனா சுருதி தண்ணிக்குள்ள கெடக்குற மாதிரி இருக்கே, என்ன அது?"

வீட்டுக்கு வந்து பெடல் இல்லாமல் வாசித்தேன், பெடலோடு வாசித்தேன். அவர் சொன்னது அப்படியே சரி.

காரணம் பெடலுக்குள் நடக்கிற வேலையில் இருக்கிறது. வீட்டுக்கு மேல்தளம் வார்ப்பு நடக்கும்போது கான்கிரீட் சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள், பார்த்திருப்பீர்கள். கோரஸுக்குள் இருக்கும் சிப்பும் அப்படித்தான். பழைய சிஇ-2-இல் இருந்த எம்என்3007 என்ற சிப்பில் 1,024 படிகள். கிட்டாரின் ஒலி ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் கைமாறிப் போய்க் கொஞ்சம் தாமதமாக வெளியே வரும். கைமாற்றும் வேகத்தைப் பெடல் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். வேகம் கூடும்போது அந்த நகலின் சுருதி ஒரு மயிரிழை ஏறும், குறையும்போது இறங்கும். அந்த நகலை மூல ஒலியோடு கலப்பதுதான் கோரஸ். கார்டுக்கு இது அழகு. ஆனால் நான் விரலால் காந்தாரத்தை அசைக்கும்போது பெடலும் தன் போக்கில் அதை அசைக்கிறது. ஒரே பேனாவை இரண்டு பேர் பிடித்து எழுதினால் எழுத்து எப்படி வரும்?

சிஇ-2டபிள்யூவில் வைப்ரேட்டோ என்று இன்னொரு நிலையும் உண்டு. அதில் மூல ஒலியே வராது, அசைகிற நகல் மட்டும்தான். கீர்த்தனைக்கு அதைத் தொடவே வேண்டாம். இரண்டு அவுட்புட்டையும் இரண்டு ஆம்பில் கொடுத்து எங்கள் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் ஒரு மழை நாளில் வாசித்துப் பார்த்தேன். சுவரெல்லாம் பாடுகிற மாதிரி இருந்தது. ஆனால் நம் சபைகளிலும் மேடைகளிலும் மைக்செட் மோனோதான், எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான் வரும். ஸ்டீரியோவுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது ஃபேஸர். என் மனசில் முதல் இடம் இதற்குத்தான்.

எம்எக்ஸ்ஆர் என்ற நிறுவனத்தின் ஃபேஸ் 90. அமெரிக்காவில் ரோச்செஸ்டரில் கீத் பார் என்பவர் 1974-இல் கொண்டுவந்த பெடல். ராக் கிட்டார்காரர் எடி வான் ஹேலன் கையில் உலகமெல்லாம் அறிந்த பெடல் ஆனது. ஆரஞ்சு நிறம், உள்ளங்கை அளவு, ஒரே ஒரு குமிழ், அதுவும் வேகத்துக்கு. நான் பழையதாக 5,000 ரூபாய்க்கு வாங்கினேன்.

இதில் சட்டி கைமாற்றும் வேலை இல்லை. ஒலி நாலு கட்டங்களைக் கடந்து போகும். ஒவ்வொரு கட்டமும் அலையைக் கொஞ்சம் திருப்பிவிடும். மூல ஒலியோடு அது சேரும்போது இரண்டு இடத்தில் பள்ளம் விழும், அதாவது அந்த இடங்களில் ஒலி அமுங்கிவிடும். அந்தப் பள்ளங்கள் மேலும் கீழும் மெல்ல நகருவதைத்தான் நாம் சுழல்கிற மாதிரி கேட்கிறோம். மெதுவான வேகத்தில் சுருதி அசைவது காதுக்குத் தெரியாது, மாறுவது நாதத்தின் நிறம்தான். ஆகவே காந்தாரம் என் விரல் சொன்ன இடத்தில் நிற்கும். அதைச் சுற்றி வெளிச்சம் மட்டும் மாறிக்கொண்டிருக்கும், தென்னந்தோப்பில் காற்றடிக்கும்போது தரையில் விழும் வெயில் மாதிரி.

குமிழைக் கடிகார முள்ளாக நினைத்தால் ஒன்பது மணிக்கும் கீழே, கிட்டத்தட்ட அடியோடு வைக்கிறேன். ஒரு சுற்று முடிய ஒரு வரியே பாடி முடித்துவிடலாம், அவ்வளவு மெதுவாக. பன்னிரண்டு மணியைத் தாண்டினால் கீர்த்தனைக்கு ஒத்துவராது. ஆனால் கானமேளாவில் வேகமான பாட்டுக்கு டிஸ்டார்ஷனுக்கு (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்) முன்னால் போட்டு இரண்டு மணியில் வைத்தால் இந்தப் பெடலும் கூட்டத்தோடு சேர்ந்து ஆடும். வாங்கும்போது பெட்டியின் மேல் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். கையெழுத்து மாதிரி சாய்ந்த லோகோ போட்டு வருவது மென்மையானது. கட்டை எழுத்து லோகோவில் நடு ஒலி கொஞ்சம் முன்னால் வந்து முட்டும். எனக்குச் சாய்ந்த எழுத்துதான்.

பேட்டரி மாற்ற அடித்தகட்டின் நாலு ஸ்குருவையும் கழற்ற வேண்டும். பாஸ் பெடலில் விரலால் ஒரே திருகைத் தளர்த்தினால் போதும். மேடைக்குப் பின்னால் இருட்டில் நிற்கிறவனுக்கு இது பெரிய வித்தியாசம், அதனால் அடாப்டரைத்தான் நம்புகிறேன். அந்த அடாப்டரால் ஒரு இழப்பும் வந்தது. ஒரு கேரல் இரவில் அவசரத்துக்கு கீபோர்டு அடாப்டரை எடுத்து ஒரு பெடலில் குத்தினேன். அது 12 வோல்ட், நடுமுனை பாசிடிவ். பெடலுக்கு வேண்டியது 9 வோல்ட், நடுமுனை நெகடிவ். கருகின வாசனை வந்தது, பெடல் அதோடு போயிற்று. அடாப்டர் மேல் அச்சடித்திருக்கும் அந்தச் சின்ன வட்டப் படத்தைப் பார்க்காமல் எதையும் குத்தாதீர்கள். எங்கள் பக்கத்தில் இரண்டு மழைக்காலம், ஜாக்குகள் சீக்கிரம் கறுத்துப்போகும். மாதம் ஒரு தடவை கான்டாக்ட் கிளீனர் அடிப்பது பழக்கமாகிவிட்டது.

ஃப்ளேஞ்சரில் பள்ளங்கள் சீப்புப் பல் போல நிறைய. ஜெட் விமானம் மேலே போகிற சத்தம் இதுதான். எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் எலெக்ட்ரிக் மிஸ்ட்ரஸ் 1976-இல் வந்தது, தி போலீஸ் என்ற ராக் குழுவின் ஆண்டி சம்மர்ஸ் வாசித்த பெடல். ஒரு நண்பரிடம் வாங்கி ஒரு வாரம் வைத்திருந்தேன். அசைய விட்டால் கோரஸைவிட அதிகமாகக் கமகத்தோடு சண்டை போடுகிறது. ஆனால் அதில் ஃபில்டர் மேட்ரிக்ஸ் என்ற சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் அசைவு நின்றுவிடும், சீப்பு ஒரே இடத்தில் நிற்கும். அப்போது கம்பி வெண்கலத்தில் தட்டின மாதிரி கணீரென்றது. கீர்த்தனை முழுவதும் வாசித்தேன், ஒரு சுரமும் பிசகவில்லை. அந்த ஒரு சுவிட்சுக்காகவே திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் கொடுத்தேன்.

யூனி-வைப் என்ற பெடலைப் பற்றியும் கேட்பீர்கள். ஜப்பானில் ஃபுமியோ மியேதா வடிவமைத்தது. 1969-இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழாவில் கிட்டார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்ததால் புகழ் பெற்றது. அதே சுற்றுப்படி செய்த ஒரு பெட்டியைத் திருவனந்தபுரத்தில் ஒரு நண்பர் மூடியைக் கழற்றிக் காட்டினார். விளக்கை அணைத்தோம். உள்ளே ஒரு குட்டி பல்பு, அதைச் சுற்றி நாலு ஒளி உணரிகள். பல்பு மூச்சு விடுகிற மாதிரி ஏறி ஏறி இறங்கியது. ஏறுவது சட்டென்று, இறங்குவது மெல்ல. அந்தச் சமமில்லாத மூச்சுதான் அதன் ஒலி. ஃபேஸரைவிட உயிருள்ள ஒலி என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெட்டி பெரிது, விலையும் பெரிது.

ட்ரெமலோ சுருதியைத் தொடவே தொடாது, ஒலி அளவை மட்டும் கூட்டிக் குறைக்கும். பெயரில்தான் குழப்பம். ஃபெண்டர் ஆம்பில் வைப்ரேட்டோ என்று எழுதியிருப்பது உண்மையில் ட்ரெமலோ. அவர்களுடைய கிட்டாரில் ட்ரெமலோ என்று அழைக்கும் கைப்பிடி செய்வது வைப்ரேட்டோ, அதாவது சுருதியை அசைப்பது. பழையதாக வாங்கும்போது பெயரை நம்பாமல் வாசித்துப் பார்த்து வாங்குங்கள். ஜெபம் நடக்கும்போது பின்னணியில் ஒரே கார்டை மெதுவாகத் துடிக்க விட ட்ரெமலோ போதும்.

இப்போது என் போர்டில் ஃபேஸ் 90-உம் சிஇ-2டபிள்யூவும் இருக்கின்றன. போன புனித வெள்ளி ஆராதனையில் அதே கீர்த்தனையை ஃபேஸரோடு வாசித்தேன். வாத்தியார் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு, ஒரு சரணம் முழுவதையும் எனக்கே விட்டுவிட்டார்.

சித்தி மகன் இப்போதுதான் கிட்டார் பழகுகிறான், முதல் பெடலாகக் கோரஸ் வேண்டும் என்று நிற்கிறான். சனிக்கிழமை களியக்காவிளையில் பஸ் ஏறி அவனோடு திருவனந்தபுரம் தம்பானூருக்குப் பெடல் பார்க்கப் போகிறேன். "கடையில இருக்கிற கிட்டார் வேண்டாம் தம்பி, உன் கிட்டாரையே எடுத்துக்கிட்டு வா" என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பல்லவி அவனுக்கு இப்போது பாதி வரும்.