பழைய செங்கல் பக்கத்தில் புது டெக்ஸ்சர்: சில மழைக்காலங்கள் கழித்து

கும்பகோணத்தில் வீட்டை நீட்டிக் கட்டிக்கொண்டிருக்கும் நண்பர் கேட்கிறார்: "பழைய சுவர் பூசாத செங்கல், புதுச் சுவர் வேற கல்லு. ரெண்டும் ஒட்டவே இல்ல. உங்க வீட்ல அடிச்ச டெக்ஸ்சர் இப்ப எப்படி இருக்கு?" டெக்ஸ்சர் என்றால் பூச்சின் மேல் மாவாக அப்பி, மேடுபள்ளமாகத் தேய்க்கும் பெயின்ட். அதைப் பற்றிப் போனில் பேசினால் திட்டத்தான் வரும். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பழைய சுவர் விறகுச் சூளையில் சுட்ட நாட்டுச் செங்கல். நெருப்புக்குப் பக்கத்தில் இருந்த கல் கருஞ்சிவப்பு, தள்ளி இருந்தது வெளிர் ஆரஞ்சு. ஒரே சுவரில் பத்து நிறம். பின்னால் சேர்த்த இரண்டு அறைக்குக் கிடைத்தது சேம்பர் சூளையில் சுட்ட செங்கல், அதாவது சேம்பர் கல். நிறம் ஒரே சீர், விளிம்பு கூர்மை, கனமும் அதிகம். காவி கலந்து அடித்து நிறத்தைக் கொஞ்சம் ஏமாற்றலாம், வரிசையை ஏமாற்ற முடியாது. கனம் வேறு என்பதால் ஜன்னல் மட்டத்துக்கு வருவதற்குள் புதுச் சுவரின் வரி பழைய வரியை விட்டு விலகிவிட்டது. கல் இடுக்கில் மட்டும் கலவை அடைத்து (பாயிண்டிங்) அப்படியே விட்டிருந்தால் பார்க்கிற எவருக்கும் அந்த இடம்தான் கண்ணில் பட்டிருக்கும்.

சுவர் மேல் செங்கல் போலத் தெரிய ஒட்டும் மெல்லிய கிளாடிங் டைல்ஸும் பார்த்தோம். சுட்ட மண் டைல்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூலைக்கு எல் வடிவத் துண்டு தனியாக வாங்க வேண்டும். அது இல்லாமல் இரண்டு பக்கமும் ஒட்டினால் மூலையில் டைல்ஸின் கனம் தெரிந்து, கல் இல்லை என்பது அம்பலமாகிவிடும். அதுவும் அசல் நாட்டுச் செங்கலுக்குப் பக்கத்திலேயே. வேண்டாம் என்று விட்டோம். எல்லாவற்றையும் சேர்த்துப் பூசிவிடலாம் என்றார் கொத்தனார். பூசிய செங்கலை மறுபடி பழையபடி ஆக்க முடியாது. கொத்தி எடுத்தால் கல்லின் முகமே போய்விடும்.

ஆக, புதுச் சுவருக்கு மட்டும் பூச்சு, அதன் மேல் சாம்பல் கலந்த சந்தன நிறத்தில் ரஸ்டிக் டெக்ஸ்சர். மாவில் இருக்கும் குருணைக் கல் உருண்டு கோடு கிழிக்குமே, பூச்சி அரித்த மரம் போல, அந்த வகை.

இனி என் புலம்பல். கோடு மேலிருந்து கீழாக வர வேண்டும் என்று சொல்லித்தான் வேலை கொடுத்தேன். பெயின்டர் கைக்கு வசதியாகப் பக்கவாட்டில் தேய்த்துவிட்டுப் போனார். கேட்டால் "இதுதான் சார் இப்ப ஃபேஷன்". ஒவ்வொரு கோடும் தூசி உட்காரும் ஒரு குட்டித் திண்ணை. கோடை முழுக்கத் தெருப்புழுதியைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. முதல் தூறலில் அது கரைந்து கீழே வழிகிறது. ஐப்பசி அடைமழைக்குப் பிறகு, வெயில் அதிகம் படாத வடக்குப் பக்கம் முழுக்கப் பச்சைப் பாசி, காய்ந்ததும் கறுப்பு. துணியால் துடைத்தால் துணிதான் கிழிகிறது. சன்ஷேடு இருந்தும் பலன் இல்லை. அதன் அடியில் விளிம்பை ஒட்டி ஒரு காடி (சின்னப் பள்ளக் கோடு) எடுத்திருந்தால் தண்ணீர் அங்கேயே சொட்டியிருக்கும். அது இல்லாததால் அடிப்பக்கமாகவே ஊர்ந்து வந்து சுவரில் இறங்குகிறது. போதாததற்கு, மறுபெயின்ட்டுக்கு விலை கேட்டால் சமச்சுவரைவிடக் கூடுதல் பெயின்ட் பிடிக்குமாம். மேடுபள்ளம் எல்லாம் குடிக்கும்தானே.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. பழசும் புதுசும் சேரும் இடத்தில் கோழிவலை அடித்து ஒரே பூச்சாக இழுத்துவிடலாம் என்றார் கொத்தனார். இன்ஜினியர் விடவில்லை. பழைய அஸ்திவாரம் எப்போதோ உட்கார்ந்து முடிந்தது, புதுசு இனிமேல்தான் உட்காரும், மூடினால் அங்கேதான் வெடிக்கும் என்று சொல்லி, மேலிருந்து கீழ்வரை அரை அங்குல இடைவெளி விட்டு, உள்ளே நீளும் தன்மையுள்ள பியூ (பாலியூரித்தேன்) சீலண்ட் அடைக்கச் சொன்னார். இன்றுவரை மயிரிழை வெடிப்புகூட இல்லை. அதைவிட, அந்த இடைவெளியில் விழும் நிழல்கோடு இரண்டு சுவரையும் அழகாகப் பிரித்துக் காட்டுகிறது. கல் ஒட்டவில்லை என்ற பேச்சே எழவில்லை, ஏதோ திட்டம் போட்டுச் செய்ததுபோல ஆகிவிட்டது.

இன்னொரு வேடிக்கை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பழைய செங்கல் சுவரைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள். முன்பு யாரும் அதைக் கண்டுகொண்டதே இல்லை. பக்கத்தில் மங்கலாக ஒன்று வந்ததும் அதன் பத்து நிறமும் எடுப்பாகத் தெரிகிறது. காசெல்லாம் டெக்ஸ்சருக்கு, பாராட்டெல்லாம் செங்கலுக்கு!

அந்தச் செங்கலுக்குப் பளபள வார்னிஷ் மட்டும் அடித்துவிடாதீர்கள். சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே உப்புப் பூத்து, வார்னிஷ் செதில் செதிலாக உரியும். படலம் கட்டாமல் கல்லுக்குள் இறங்கி, மழைநீரை மட்டும் தடுக்கும் சிலேன்-சிலாக்ஸேன் வகை கேட்டு வாங்குங்கள். அதற்கு முன்னால் பழைய உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேயே போகும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். டெக்ஸ்சர் போடாதீர்கள். புதுச் சுவருக்குச் சாதாரண மணல் பூச்சு, நன்றாகக் காய்ந்த பிறகு பிரைமர், மங்கலான எமல்ஷன் போதும். இடைவெளியையும் சன்ஷேடு காடியையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். நானா? டெக்ஸ்சரைச் சுரண்டி எடுக்க என்ன ஆகும் என்று விசாரித்தேன். கூலியைக் கேட்டதும் அதன் மேலேயே அதே சந்தன நிறத்தை அடிக்கச் சொல்லிவிட்டேன். வீட்டில் இப்போதே அடுத்த பேச்சு: மாடிக்கும் அதே டெக்ஸ்சர் வேண்டுமாம். மேலிருந்து கீழாகத் தேய்க்கிற ஆள் யாராவது கும்பகோணம் பக்கம் இருந்தால் சொல்லுங்கள்.